பத்துக்கு எத்தனை?

எலே பேராண்டி, சிரிப்பு நாவல்னு வாசிச்சுக் காட்டினியே, நல்லாத்தான் இருக்கு. ஆனா நீ சிரிச்ச எடம் வேற, நான் சிரிச்ச எடம் வேற.

இங்கிலாந்துக்காரன் பி. எஸ். ஜான்சன் 1971-ல போட்ட ‘ஹவுஸ் மதர் நார்மல்’. முதியோர் இல்லத்துல ஒரே ஒரு சாயங்காலம். கெழடுக எட்டுப் பேரு, அவுகளை மேய்க்க ஒரு காப்பாளரம்மா. எட்டுப் பேருக்கும் ஆளுக்கு 21 பக்கம். ஒருத்தரோட அஞ்சாம் பக்கத்துல எந்த வரியில எது நடக்கோ, அடுத்த ஆளு அஞ்சாம் பக்கத்துலயும் அதே வரியில அதுதான் நடக்கு. மண்டை மட்டும் வேற.

ஆளாளுக்கு முன்னால ஒரு சீட்டு. வயசு, கண்ணு எத்தனை சதவீதம், காது எத்தனை சதவீதம், என்னென்ன நோக்காடு. சந்தையில மாட்டுப் பல்லைப் பிடிச்சுப் பாக்கிற கணக்குத்தான். போதாததுக்குப் புத்தி மட்டுப் பாக்க 10 கேள்வி. முதல் கெழவிக்கு 10-க்கு 10. கடைசி ரொசெட்டாவுக்கு வயசு 94, மார்க்கு முட்டை. இதுக்குத்தான நீ கெக்கெக்கேன்னே? உனக்கு இன்னைக்கு என்ன கிழமைன்னு கறிக்கொழம்பு வாசம் வந்தாத்தாம்லே தெரியும்.

காப்பாளரம்மா நடத்துத விளையாட்டு இருக்கே, அடேயப்பா! சக்கர நாற்காலியில உக்கார வச்சு, தரை துடைக்கிற ஈரத் துடைப்பத்தைக் கையில குடுத்துச் சண்டை போட விடுதா. பொட்டலத்தைக் கைமாத்திக் கைமாத்திப் பிரிச்சா உள்ள நாய்ப்பீ. அந்த நேரத்துல எட்டு மண்டையில பாதி பழைய காதல்ல கெடக்கு.

போகப் போகச் சில பக்கத்துல வார்த்தை செதறிக் கெடக்கு, சிலது சுத்த வெள்ளை. “காசு குடுத்து வெத்துத் தாளா தாத்தா?”ன்னு மூஞ்சியைச் சுளிச்சே. உங்க அம்மா “மாத்திரை போட்டீகளா மாமா”ன்னு கேக்கையில நான் வாயத் தொறக்கமாட்டேன்லா? அப்ப எந்த ஊருக் கரகாட்டத்துல, எத்தனாவது வரிசையில உக்காந்திருக்கேன்னு உங்க பாட்டிக்கே தெரியாது. தெரியவும் வேண்டாம், நீயும் போய் ஓதிராத.

எழுதினவனுக்கு அப்ப 38 வயசுகூட நெறஞ்சு ரொம்ப நாளாகலை. 40-லயே போய்ச் சேந்துட்டான், பாவி. கெழவனாகாமலே எங்க மண்டைக்குள்ள பூந்து பாத்துட்டுப் போயிருக்கான்.

காப்பாளரம்மா பேச்சை முன்கூட்டி வாசிச்சிராத. அவ நியாயத்தைக் கேட்டா எல்லாம் ஒழுங்கா நடக்கிற மாதிரிதான் இருக்கும். கடைசியில தனக்குன்னு ஒரு பக்கம் கூடுதலா வாங்கிக்கிட்டு, நான் எழுத்தாளன் ஆட்டுத பொம்மைன்னு நைசா நழுவுதா பாரு, கெட்டிக்காரி!

மறுக்கா வாசிக்கையில ஒன்பது பேருக்கும் அஞ்சாம் பக்கத்துல ஒவ்வொரு வெரலை விட்டுக்கோ. மாத்தி மாத்திப் பெரட்டு. பத்தாவது வெரல் போனைத் தடவ இருக்கட்டும், இல்லைன்னா உனக்குக் கை நடுங்கும்.