77 என்னும் மோகம்

பழைய தபால்தலைப் பொட்டலத்தை மேசையில் கொட்டும்போது, நாட்டின் பெயர் இல்லாத சிவப்புத் தலை ஒன்று எட்டிப் பார்த்தால் போதும். சேகரிப்பவருக்கு அன்று சாப்பாடு இறங்காது. மனைவி கூப்பிட்டாலும் காது கேட்காது.

பெயர் போடாத பேர்வழி பெரும்பாலும் பிரிட்டன்தான். 1840-ல் உலகின் முதல் தபால்தலையை வெளியிட்ட மிடுக்கு இன்னும் தீரவில்லை. அப்போது விக்டோரியா ராணியின் முகமே முகவரி! கறுப்பாக வந்த ஒரு பென்னித் தலை மறு ஆண்டே சிவப்பானது. 1879 வரை அதைக் கோடி கோடியாக அச்சடித்துத் தள்ளினார்கள். ஆகவே, பழசு என்பதாலேயே பவுனாகிவிடாது.

பூதக்கண்ணாடிக்கு வேலை இனிமேல்தான். 1864 முதல் வந்தவற்றில் நான்கு மூலையிலும் எழுத்துகள் இருக்கும். 240 தலைகள் கொண்ட தாளில் அது இருந்த இடத்தை அவை சொல்லும். இரு ஓரத்துப் பின்னல் கோலத்துக்குள் எறும்பு அளவில் அச்சுத் தகட்டின் எண் ஒளிந்திருக்கும். அது 77 என்றால் விலை லட்சக்கணக்கான பவுண்டு. குறையுள்ளது என்று ஒதுக்கப்பட்ட தகடு அது. எப்படியோ நழுவி வெளியே வந்த தலைகளை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

விஷயம் தெரிந்த புண்ணியவான்கள் சும்மா இருப்பார்களா? மலிவாகக் கிடைக்கும் 177-ன் முதல் 1-ஐப் பக்குவமாகச் சுரண்டிவிட்டார்கள்.

நிபுணர் சான்றிதழ் இல்லாமல் யாராவது 77-ஐ நீட்டினால், கும்பிடு போட்டு நகர்ந்துவிடுங்கள்.