வடை ஒளித்த காகம்

கேள்வி: எங்கள் கேன்டீன் வாசலில் ஒரு காகம் வடைத் துண்டைத் தகரக் கூரை இடுக்கில் செருகி, மேலே ஒரு சருகையும் வைத்து மூடுகிறது. திரும்பி வந்தால் இடம் ஞாபகம் இருக்குமா?
- வாசகர், சிப்காட், ஓசூர்

பதில்: இருக்கும். நைட் ஷிஃப்ட் முடிந்து வந்து, பைக்கை எங்கே நிறுத்தினோம் என்று முழிப்பது நாம்தான்! காகத்தின் பங்காளி ஒன்று, கிளார்க் நட்கிராக்கர் என்று பெயர், அமெரிக்க மலைகளில் பைன் விதைகளை ஆயிரம் ஆயிரமாகப் புதைத்து, மாதங்கள் கழித்துப் பனியைக் கிளறி எடுக்கிறது. மோப்பம் பிடித்து அல்ல. பாறை, கட்டை என்று அடையாளம் வைத்து. ஆய்வுக்கூடத்தில் அந்த அடையாளங்களை நகர்த்திப் பார்த்தார்கள். பறவையும் அதே அளவு தள்ளிப்போய்த் தப்பான இடத்தில் கொத்தியது.

நட்கிராக்கருக்கு மூளையில் ஹிப்போகாம்பஸ் என்ற ஞாபகப் பகுதி பெரிது. நம்மூர் காகத்தின் சேமிப்பு சில்லறைக் கணக்குதான், ஆனால் உஷார் குறைவில்லை. சருகு எதற்கு? பக்கத்துக் காகத்துக்காக!

இன்னொரு பங்காளியான ஸ்க்ரப் ஜே பறவையை ஆய்வாளர்கள் நேத்தன் எமரியும் நிக்கோலா கிளேட்டனும் சோதித்து 2001இல் எழுதினார்கள். ஒளிக்கும்போது வேறொரு பறவை பார்த்துவிட்டால், அது போன பிறகு தீனியை எடுத்து வேறு இடத்தில் வைக்கிறது. ஆனால் எல்லாப் பறவையும் அல்ல. முன்பு அடுத்தவன் தீனியைத் திருடிய பறவை மட்டும்தான்.