ஒல்லாந்து முழுக்க ஒரே நாளிலை

இரு மருமோன், இரு. முதலிலை தேத்தண்ணியைக் குடி. பனங்கட்டியைக் கடிச்சுக்கொண்டு குடிக்கவேணும், உதுக்குள்ளை சீனி போடேல்லை. கனடாவிலை இருந்து வந்து இறங்கின கையோடை ஒரு வானும் ஒரு கைட்டும் பிடிச்சிட்டாய் எண்டு ஊரிலை கதை. நல்ல காரியம். காசு கிடந்தால் அதைச் செலவழிக்க வழி காட்டவும் ஒரு ஆள் வேணும்தானே.

எங்கை, அந்தக் கடதாசியைக் காட்டு பாப்பம். காலமை ஆறு மணிக்கு ஹோட்டலடியிலை வெளிக்கிடுறது. கோட்டை. பண்ணைப் பாலம். ஊர்காவற்றுறை. நயினாதீவு. நெடுந்தீவு. பின்னேரம் சாட்டிக் கடற்கரையிலை பொழுதுபடுறதைப் பாக்கிறது. இரவு ஏழுக்கு ஹோட்டலிலை நண்டுக்கறி. அடேயப்பா! நான் நெடுந்தீவிலை பிறந்து வளந்தவன், இன்னும் அந்தத் தீவை முடிச்சபாடில்லை. நீ ரெண்டு மணித்தியாலத்திலை முடிக்கப்போறாய். படிச்ச பிள்ளையளெண்டால் உப்பிடித்தான் இருக்கவேணும்.

கைட் பெடியன் காலமை கோட்டை வாசலிலை வைச்சுத் துவங்குவான். போத்துக்கீசன் கட்டினது, 1658இலை ஒல்லாந்தன் பிடிச்சது, பேந்து ஐஞ்சு மூலையாய்ப் பெருப்பிச்சது எண்டு சொல்லி முடிக்கேக்கை அவன் கண் மணிக்கூட்டிலை நிக்கும். அவனைப் பேசாதை. குறிகட்டுவான் துறையிலை படகு அவனுக்காகக் காத்து நிக்காது. பண்ணைப் பாலத்திலை வான் ஏறினவுடனை சொல்லுவான், ஒல்லாந்தன் இந்தத் தீவுகளுக்கெல்லாம் தன்ரை ஊர்ப் பேரை வைச்சவன் எண்டு: காரைதீவு அம்ஸ்ரடாம், வேலணை லைடன், அனலைதீவு றொட்டர்டாம், புங்குடுதீவு மிடல்பேர்க், நயினாதீவு ஹார்லெம், நெடுந்தீவு டெல்ஃப்ற். விசா இல்லை, குளிர் இல்லை, ஒரே நாளிலை ஒல்லாந்து முழுக்கச் சுத்தலாம். உந்தக் காசுக்கு ஐரோப்பாவிலை ஆர் காட்டுவான்?

அல்லைப்பிட்டியிலை வான் நிக்காது. கடதாசியிலை அந்தப் பேரே இல்லைப் பார். 1977இலை ஜோன் கார்ஸ்வெல் எண்ட ஆராய்ச்சிக்காரன் அங்கை நிலத்தைக் கிண்டி, ஆயிரம் வருசத்துக்குக் கிட்டின சீனப் பீங்கான் துண்டுகளை அள்ளினவன். 2018இலை ஷாங்காய் அருங்காட்சியக ஆக்களே வந்து திரும்பவும் கிண்டிப் பாத்தவை. சீனன் தன்ரை உடைஞ்ச கோப்பையைத் தேடி இவ்வளவு தூரம் வாறான், எங்கடை ஆக்கள் எண்பதிலை கடந்து போகினம். அதுவும் சரிதான், உடைஞ்ச கோப்பைக்குப் பக்கத்திலை நிண்டு படம் எடுத்தால் ஆர் பாக்கிறது?

ஊர்காவற்றுறைத் துறையிலை பத்து நிமிசம் விடுவான். நடுக்கடலிலை கடற்கோட்டை தெரியும். போத்துக்கீசன் கட்டி, ஒல்லாந்தன் ஹமன்ஹீல் எண்டு பேர் மாத்தி வைச்சது. பிற்காலத்திலை மறியற்சாலை. இப்ப நேவிக்காரர் அதை ஹோட்டலாக்கி வைச்சிருக்கினம். முந்தி அரசாங்கம் சும்மா பிடிச்சு உள்ளை போட்ட இடத்திலை இப்ப காசு கட்டிப் படுக்கவேணும். நாடு முன்னேறேல்லை எண்டு ஆர் சொன்னது?

பக்கத்திலைதான் கரம்பன். தனிநாயகம் அடிகளார் 1913இலை பிறந்த ஊர். லிஸ்பனிலை கிடந்த, 1554இலை அச்சிட்ட தமிழ்ப் புத்தகத்தை எங்களுக்கெல்லாம் அறியத் தந்தவர், 1966இலை கோலாலம்பூரிலை முதல் உலகத் தமிழ் மாநாடு நடத்தினவர். உலகம் சுத்தினவர்தான், ஆனால் பாசையளையும் படிச்சுக்கொண்டு சுத்தின மனிசன். உன்ரை கைட் அவர் பேரைச் சொன்னால் பெடியன் பரவாயில்லை. சொல்லாட்டி நீ கேள். அவனுக்கும் தெரியட்டும், வான் சீற்றிலை இருக்கிறது வெறும் பார்சல் இல்லையெண்டு.

புங்குடுதீவைப் பற்றிக் கடதாசியிலை ஒரு வரிதான் போட்டிருக்கு: "வழியில் காணக்கூடிய கைவிடப்பட்ட வீடுகள்." படம் எடுக்க நல்லாய்த்தான் இருக்கும். ஓடு விழுந்து, கூரைக்குள்ளாலை ஆலங்கண்டு கிளம்பி, தூணெல்லாம் பாசி பிடிச்சு நிக்கும். அதுகளிலை ஒண்டு உன்ரை கொம்மா பிறந்த வீடு, மருமோன். 1991இலை ஆமி தீவுப்பக்கம் வந்தபோது பூட்டினது. திறப்பு இப்ப ஸ்காபரோவிலை உங்கடை வீட்டு லாச்சிக்குள்ளை கிடக்கும், போய்க் கேட்டுப்பார். கைட் அதைக் காட்டி, "இவர்கள் எல்லாரும் இப்போது வெளிநாட்டில்" எண்டு உனக்கே விளக்கம் சொல்லுவான். நீ தலையை ஆட்டு.

அந்த ஊரிலைதான் மு. தளையசிங்கம் எண்ட எழுத்துக்காரன் இருந்தவர். 1971இலை, கோயில் நன்னீர்க் கிணத்திலை எல்லாச் சாதிச் சனமும் தண்ணி அள்ளவேணும் எண்டு சத்தியாக்கிரகம் இருந்தார். பொலிஸ் போட்டு அடிச்சது. 1973இலை, நாப்பது வயசு காணாமலே செத்துப்போனார். உதை ஒரு கைட்டும் தானாய்ச் சொல்லான். வெளியாலை இருந்து வாறவைக்கு எங்கடை சண்டையள் எல்லாம் போத்துக்கீசனோடையும் ஒல்லாந்தனோடையும் மட்டும்தான் நடந்தது. நாங்கள் எங்களுக்குள்ளை வெகு ஒற்றுமை. நம்பு.

நயினாதீவிலை நாகபூசணி அம்மனைக் கும்பிடு. மேற்சட்டையைக் கழட்டவேணும், கனடா வண்டியைக் கொஞ்சம் உள்ளுக்கு இழுத்துக்கொள். பேந்து கொஞ்சத் தூரம் நடந்தால் நாகவிகாரை. உன்னைப்போல தமிழாக்கள் வந்தால் கைட் இதுதான் மணிமேகலையிலை வாற மணிபல்லவம் எண்டுவான். தெற்கிலை இருந்து பஸ்சிலை வாற சனத்துக்கு வேறை கைட், மகாவம்சத்திலை வாற நாகதீபம் எண்டுவான். ரெண்டிலையும் கதை ஏறத்தாழ ஒண்டுதான்: ரெண்டு நாக ராசாக்கள் ஒரு ஆசனத்துக்குச் சண்டை பிடிச்சினம், புத்தர் வந்து தீர்த்து வைச்சார். அவர் தீர்த்துப்போட்டுப் போனார். அந்த ஆசனம் ஆற்றை எண்டதைச் சனம் இன்னும் தீர்க்கேல்லை.

அம்மன் கோயிலிலை பராக்கிரமபாகு ராசாவின்ரை தமிழ்க் கல்வெட்டு ஒண்டு கிடக்கு, பன்ரெண்டாம் நூற்றாண்டு. அதை மட்டும் ஆறுதலாய் நிண்டு பார். ஊராத்துறைக்கு, அதுதான் இந்த ஊர்காவற்றுறைக்கு, வாற பிறதேசத்து வியாபாரியளுக்கு ராசா எழுதின ஒப்பந்தம் எண்டு வைச்சுக்கொள்ளன். யானை, குதிரை ஏத்தி வந்த கப்பல் உடைஞ்சால் காற்பங்கு அரசுக்கு, முக்காற்பங்கு உடையவனுக்கு. மற்றச் சரக்கெண்டால் பாதிக்குப் பாதி. இப்ப உன்ரை கடதாசியின்ரை அடியிலை, கண்ணாடி போட்டாலும் தெரியாத எழுத்திலை என்ன கிடக்கு? "காலநிலையால் படகு ஓடாவிட்டால் பணம் திருப்பித் தரப்படமாட்டாது." ராசா பாதியாவது விட்டவன், மருமோன்.

மத்தியானம் கோயிலிலை அன்னதானம். பந்தியிலை இருந்து, பக்கத்திலை இருக்கிறவரிட்டை எந்த ஊர் எண்டு ஒரு சொல்லுக் கேட்டாயெண்டால் ஒரு தீவின்ரை கதை முழுக்க இலவசமாய் வரும். ஆனால் உனக்குத்தான் "உள்ளூர்ப் பாரம்பரிய உணவு" எண்டு தனியாய்க் காசு கட்டியிருக்கே. அதுக்குக் குறிகட்டுவானுக்குத் திரும்பி வரவேணும். வந்து ஃபிரைட் றைஸ் சாப்பிடு.

இனி நெடுந்தீவு. கொஞ்சம் கிட்ட வா. உதை உரத்துச் சொல்லேலாது.

குறிகட்டுவானிலை இருந்து ஒரு மணித்தியாலம் கடல். சோளகம் தூக்கிற மாதங்களிலை படகு ஏறி விழுற விழுகையிலை காலமைச் சாப்பாடு தொண்டைக்கு வந்து விசாரிச்சுப்போட்டுப் போகும். அதாலை உனக்குத் தனிப் படகு பேசியிருக்கினமாம். பேசட்டும். என்னைக் கேட்டால் சனத்தோடை போற படகிலை போ. சீமெந்து மூட்டை, காஸ் சிலிண்டர், ஆசுப்பத்திரிக்குப் போட்டு வாற கிழவி, பள்ளிக்கூடத்து ரீச்சர்மார், கோழிக்குஞ்சுப் பெட்டி, எல்லாம் ஒண்டாய்ப் போகும். மிதப்பு அங்கியைப் போட்டுக்கொண்டு கிழவிக்குப் பக்கத்திலை இரு. தீவிலை ஆர் செத்தது, ஆற்றை மாடு காணாமல் போனது, எந்தக் கிணறு உப்பாய்ப் போச்சு எண்டு மாவிலித்துறை வாறத்துக்கிடையிலை உனக்கு எல்லாம் தெரிஞ்சிடும்.

குமுதினிப் படகைப் பற்றிக் கைட் சொல்லுவானோ தெரியாது. சொல்லாட்டி நான் சொல்லுறன், பகிடி இல்லை. 1985 மே 15. குறிகட்டுவானுக்கு வெளிக்கிட்ட படகை நடுக்கடலிலை மறிச்சு, நேவிக்காரர் ஏறிச் சனத்தை வெட்டினவை எண்டு தப்பி வந்தவை சொன்னவை. கைக்குழந்தையும் அதுக்குள்ளை. அந்தப் படகு பிறகும் ஓடினது. நாங்களும் ஏறினது அதிலைதான். தீவுக்காரனுக்கு வேறை றோட்டு இல்லை. வருசா வருசம் அந்தத் திகதியிலை சனம் கூடி விளக்குக் கொளுத்தும்.

இறங்கினால் கப் வாகனம் நிக்கும், ஓட்டோ நிக்கும். முருகைக்கல்லை அடுக்கின வேலியளுக்கு நடுவாலை கொண்டோடுவாங்கள். சாந்தும் இல்லை, சீமெந்தும் இல்லை, கல்லுக்கு மேலை கல்லு, அவ்வளவுதான். பெருக்கமரத்துக்கு நேரை போவாங்கள். அரபுக்காரர் கொண்டுவந்து வைச்சது எண்டு சொல்லுவாங்கள். அடியிலை ஆள் புகுற பொந்து. நீயும் மனிசியும் உள்ளை நிண்டு படம் எடுங்கோ, எல்லாரும் எடுக்கிறவை. பேந்து ஒல்லாந்தன் கட்டின புறாக்கூடு. அந்தக் காலத்திலை கடிதம் கொண்டுபோன புறாக்களுக்கு. நீல நிறத்திலை ரெண்டு சரி விழாது, புறா திரும்பி வந்தால்தான் கடிதம் போனது. பேந்து குதிரை. போத்துக்கீசன் கொண்டுவந்தது, ஒல்லாந்தனும் வெள்ளைக்காரனும் வளத்தது, அவங்கள் போக அதுகள் இஞ்சையே நிண்டிட்டுது. மழை பொய்ச்ச வருசம் தண்ணியில்லாமல் விழுந்து சாகிறதுகள். அந்த மாதம் ஒரு ரூரும் அந்தப் பக்கம் போகாது.

வெடியரசன் கோட்டையிலை வைச்சுத்தான் கைட்டின்ரை கெட்டித்தனத்தைப் பாக்கவேணும். இடிஞ்ச முருகைக்கல்லுக் குவியல்தான். தமிழாள் போனால் அது வெடியரசனின்ரை கோட்டை, மீகாமனோடை சண்டை பிடிச்ச கதை. சிங்களச் சனம் போனால் பழைய தாதுகோபம். வெள்ளையன் போனால், அவன் முகத்தைப் பாத்து முடிவெடுப்பான். தனி ரூர் எண்டால் அதுதானே, உனக்குப் பிடிச்ச கதைக்கு நீ காசு கட்டுறாய். கல்லு வாய் திறக்காது.

வளருற கல்லு எண்டு ஒண்டு காட்டுவாங்கள். வருசத்துக்கு ஒரு நெல்லளவு வளருது எண்டு சொல்லுவான் பார், சிரிச்சுப்போடாதை. முந்தி ஒரு பெடியன் என்னட்டை வந்து, "அப்பு, எவ்வளவு வளரும்? ஆக்கள் கணக்குக் கேக்கினம்" எண்டு நச்சரிச்சான். மாட்டுக்குத் தண்ணி வைக்கிற நேரம். நெல்லளவு எண்டு சொல்லிக் கலைச்சு விட்டனான். இப்ப அது பரம்பரை ஐதீகமாம்.

கைட் வேண்டாம் எண்டு நான் சொல்லேல்லை, மருமோன். அந்தப் பெடியனுக்கும் வீட்டிலை அடுப்பெரியவேணும். நான் சொல்லுறது, உந்தக் கடதாசியிலை பாதியை வெட்டு. நயினாதீவை இன்னொரு நாளுக்கு வை. கோட்டை எங்கையும் ஓடாது, நேவிக்காரரின்ரை ஹோட்டலும் ஓடாது. நாளைக்கு நெடுந்தீவு மட்டும். யாழ்ப்பாணத்துக் கைட்டைத் துறையிலை தேத்தண்ணி குடிக்க விட்டுப்போட்டு, அங்கை பிறந்த ஒரு பெடியனைப் பிடி. அவனிட்டை வருசம் கேளாதை. சாராப்பிட்டிக் கிணறு ஏன் நல்ல தண்ணி, மற்றது ஏன் சவர் எண்டு கேள். பிள்ளைப்பேத்துக்கு இரவிலை நோக் கண்டால் என்ன செய்யிறது எண்டு கேள். மத்தியானச் சாப்பாட்டைக் காலமையே சொல்லி வை, சொல்லாட்டி ஒருத்தரும் உனக்காக உலை வைக்கமாட்டினம். ஏலுமெண்டால் ஒரு இரவு தங்கு. கடைசிப் படகு போனாப்பிறகு, பாக்க வந்த ஆக்களெல்லாம் போய், தீவு ஒருக்கால் மூச்சு விடும். அந்த நேரத்துக்குக் கடதாசியிலை விலை போடேல்லை.

தங்க ஏலாதோ? வானுக்கு ரெண்டு நாள் காசு கேப்பானோ? கேப்பான்தான். எத்தினை சீற் அதுக்குள்ளை? ஒன்பதோ! நீயும் மனிசியும் றைவரும் கைட்டும். அப்ப அஞ்சு சும்மா போகுது. ஏசியை ஆருக்கு அடிக்கிறாய், சீற்றுக்கோ?

உன்ரை மாமிக்கும் நெடுந்தீவிலை ஒரு செத்தவீட்டுக்குப் போகாத குறை கிடக்கு. எனக்குப் பிட்டியம்பதிக் காளிக்கு ஒரு நேர்த்தி. பக்கத்து வீட்டுப் பெடிச்சியும் தாயும் வருவினம், பேசாமல் இருப்பினம். ரெண்டு சாக்கு மாட்டுத்தீவனத்தைப் பின்னாலை போட்டால் உனக்கென்ன பாரம்? ஆறு மணி பிந்திப்போச்சு எண்டு றைவரிட்டைச் சொல்லு, அஞ்சரைக்கு எங்கடை படலையடியிலை நிக்கச் சொல்லு. ஜன்னலோரம் எனக்கு.