வெண்டைக்காய் முதல் நாமக்கல் வரை: சென்னிமலை வட்டாரப் பிள்ளை வளர்ப்பு அறிவுரைகள், ஓர் ஆய்வு

ஆய்வின் தேவை

சென்னிமலையின் பெட்ஷீட்டையும் துண்டையும் பற்றிப் பலர் எழுதிவிட்டார்கள். அதே ஊரில் விலையில்லாமல், கேட்காமல், வீடு தேடி வரும் இன்னொரு உற்பத்தி இருக்கிறது. பள்ளிக்கூடம் போகும் பிள்ளையை எப்படி வளர்ப்பது என்ற அறிவுரைதான் அது. நெசவாளிக்கு நூல் கிடைக்காத காலம் உண்டு. பெற்றவர்களுக்கு அறிவுரை கிடைக்காத காலம் இருந்ததாகத் தெரியவில்லை. இவ்வளவு பெரிய சரக்கை இதுவரை யாரும் முறையாக ஆராயாத குறையைப் போக்கவே இக்கட்டுரை.

களமும் முறையும்

களம் ஈரோடு மாவட்டம், பெருந்துறை வட்டம், சென்னிமலை. மேலே முருகன், கீழே தறிகள், நடுவே 1320 படிகள். மலைமேல் காகம் பறப்பதில்லை என்பது ஊர் நம்பிக்கை. அறிவுரைக்கு அப்படி ஒரு தடையும் இல்லை. மூச்சு வாங்கப் படியில் உட்கார்ந்தவர்களும் வழங்கிக்கொண்டுதான் இருந்தார்கள்.

தரவுகள் பேருந்து நிறுத்தம், டீக்கடை, பள்ளி வாசல், கல்யாணப் பந்தி ஆகிய இடங்களில் திரட்டப்பட்டன. கேள்வித்தாள் தேவைப்படவில்லை. "பையன் சரியாச் சாப்பிட மாட்டேங்கறானுங்க" என்று நாலு பேர் நடுவே ஒரு வார்த்தையை விட்டால் போதும், மற்றதை ஊர் பார்த்துக்கொள்கிறது.

முன்னோர் செய்தவை

வள்ளுவர் இந்தத் துறையைப் பத்தே குறளில் முடித்துக்கொண்டார். மக்கட்பேறு அதிகாரத்தில் தந்தைக்கு ஒரு கடமை, மகனுக்கு ஒரு கடமை என்று பங்கு பிரித்தவர், பெரியப்பா, சின்னம்மா, எதிர்வீட்டுக்காரர் ஆகியோருக்கு எந்தப் பொறுப்பும் ஒதுக்கவில்லை. அந்த இடைவெளியை அவர்களே முன்வந்து நிரப்பிவருகிறார்கள். அமெரிக்கக் குழந்தை மருத்துவர் பெஞ்சமின் ஸ்பாக் 1946-இல் வெளியிட்ட புகழ்பெற்ற நூல், உங்கள் அறிவை நம்புங்கள் என்று பெற்றோருக்குத் தைரியம் சொல்லித் தொடங்குகிறது. அதற்குப் பிறகும் அது பல நூறு பக்கம் நீள்கிறது. அறிவுரை வேண்டாம் என்பதையும் அறிவுரையாகத்தான் சொல்ல முடியும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

வகைப்பாடு

கிடைத்தவற்றை ஐந்து வகையில் அடக்கலாம்.

முதலாவது, வெண்டைக்காய் வகை. வெண்டைக்காய் தின்றால் கணக்கு வரும் என்பது இதன் மூலக் கொள்கை. அந்தக் காயில் நார்ச்சத்து உண்டு, வைட்டமின் சி உண்டு, ஃபோலேட் உண்டு. ஏழாம் வாய்ப்பாடு இருப்பதாக இதுவரை தெரியவில்லை. ஆனாலும் மதிப்பெண் குறைந்தால் யாரும் காயைச் சந்தேகிப்பதில்லை. பிள்ளை வழவழப்பை ஒதுக்கிவிட்டுத் தின்றது என்று காரணம் தயாராக இருக்கிறது.

இரண்டாவது, விடிகாலை வகை. "நாலு மணிக்கு எந்திரிச்சுப் படிச்சா அப்படியே மனசுல ஒட்டிக்கும்." ஆறு முதல் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்கு நாளொன்றுக்கு 9 முதல் 12 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்று அமெரிக்கத் தூக்க மருத்துவக் கழகம் 2016-இல் சொன்னது. கணக்குப் போட்டால் பிள்ளை பொழுது சாய்ந்ததும் படுத்தாக வேண்டும். டியூஷன் விடுவதே அதற்குப் பிறகுதான். இந்த அறிவுரையைச் சொல்பவர் நாலு மணிக்கு என்ன செய்துகொண்டிருப்பார் என்று கேட்பது ஆய்வு நாகரிகம் ஆகாது.

மூன்றாவது, தோல் வகை. "கண்ண மட்டும் விட்டுட்டுத் தோல உரிச்சுப் போடுங்க வாத்தியாரே" என்று பிள்ளையைப் பள்ளியில் ஒப்படைக்கும் மரபு இது. கல்வி உரிமைச் சட்டம் 2009, பிரிவு 17, மீதமிருந்த தோலையும் ஆசிரியரிடமிருந்து காப்பாற்றிவிட்டது. சட்டம் 2010-இல் நடைமுறைக்கு வந்தும் வாசகம் மட்டும் வழக்கொழியவில்லை.

நான்காவது, நாமக்கல் வகை. முட்டைக்கும் லாரிக்கும் பெயர்பெற்ற நாமக்கல், விடுதியோடு கூடிய பள்ளிகளுக்கும் கொங்கு நாட்டில் பெயர்பெற்றது. பேச்சுக்கேளாத பிள்ளை எதுவானாலும் "நாமக்கல்ல கொண்டு போய்ப் போட்டிருங்க" என்பதே மருந்து. அந்தப் பள்ளிகளுக்குப் புகழ் தேடித் தந்த, பொதுத்தேர்வில் மாநில முதலிடங்களை அறிவிக்கும் வழக்கத்தை அரசு 2017-இல் நிறுத்திவிட்டது. மருந்துச் சீட்டு மட்டும் மாறவில்லை.

ஐந்தாவது, வேண்டுதல் வகை. கந்த சஷ்டி கவசம் அரங்கேறிய தலம் என்று சென்னிமலைக்குப் பெருமை. பரீட்சை நெருங்கினால் வீட்டுக்கு வீடு கவசம் கேட்கும். உடம்பின் ஒவ்வோர் உறுப்புக்கும் காவல் கேட்கும் அந்தப் பாட்டில் காதுகளும் இடம்பெற்றிருப்பது தேர்வுக்காலத்துப் பிள்ளைகளுக்குப் பெரிய ஆறுதல். பாஸானால் படியேறி வருவதாக வேண்டிக்கொள்பவர் பெரும்பாலும் தாய். ஏறும்போது பூஜைக்கூடையைச் சுமப்பது பிள்ளை.

கள நிகழ்வு ஒன்று

பொழுதோட ஒரு தறிவீடு. தாவாரத்தில் பையன் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறான். தட்டில் வெண்டைக்காய்ப் பொரியல். உள்ளே அப்பா நெய்கிறார். தறிச் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகிய வீடு, அதனால் யார் சொல்வதும் எல்லாருக்கும் கேட்கும்.

"தின்னுங்க சாமி," என்கிறார் அப்பத்தா. "உங்கப்பனுக்கெல்லாம் நான் ரெண்டாந்தரம் சொன்னதே இல்ல கண்ணு. அப்பெல்லாம் பிள்ளைக கையில ஆரும் போனக் குடுக்கல."

சமையற்கட்டில் ஒரு சட்டி வேண்டிய அளவைவிடக் கொஞ்சம் பலமாகக் கீழே வைக்கப்படுகிறது.

"ஏனுங்கத்தே, நாயித்துக்கெழம போன்ல நாடகம் போட்டுவிட்டுச் சோறு ஊட்டுனது ஆருங்க?"

"நான் உன்னயச் சொன்னனா? பிள்ளைக்குப் புத்தி சொன்னன்."

தறிச் சத்தம் நின்றது. அப்பா எட்டிப் பார்த்தார். நிலைமையை அளந்தார். "தார் தீந்து போச்சு, சித்தே போயி எடுத்துட்டு வந்தர்றேன்" என்று செருப்பை மாட்டிக்கொண்டார். நூல் சுற்றிய தார்கள் தார்க்கூடை நிறையத் தறிப் பக்கத்திலேயே இருந்தன. பையன் இதற்குள் வெண்டைக்காய் முழுவதையும் தட்டின் விளிம்புக்குத் தள்ளிவிட்டிருந்தான்.

மறுநாள் ஒறம்பரை, அதாவது விருந்தாளிகள், வந்தபோது அதே பையன், அப்பத்தா சொன்னது, அம்மா சொன்னது, சட்டி வைத்த சத்தம், அப்பா செருப்பு மாட்டியது எல்லாவற்றையும் வரிசை மாறாமல் ஒப்பித்தான். அவனுக்கு ஞாபகசக்தி போதாதென்று வல்லாரை வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

கோட்பாடு

இதிலிருந்து பெறப்படுவது சாடைக் கோட்பாடு. பிள்ளைக்குச் சொல்லப்படும் அறிவுரை பிள்ளைக்கானதன்று. மாமியார் மருமகளுக்கும், மருமகள் புருஷனுக்கும், புருஷன் தன் மாமனார் வீட்டாருக்கும் நேரில் சொல்ல முடியாததைப் பிள்ளையின் தலைவழியே அனுப்புகிறார்கள். "உங்கய்யனாட்டம் ஆயிராத" என்பதில் பிள்ளைக்குக் கற்றுக்கொள்ள ஒன்றுமில்லை. அய்யனுக்கு நிறைய இருக்கிறது. அறிவுரை ஏன் பலிப்பதில்லை என்ற பழைய கேள்விக்கும் விடை இதிலேயே இருக்கிறது. அது சேர வேண்டியவருக்குச் சரியாகத்தான் போய்ச் சேர்கிறது. சண்டை வருவதே சான்று.

துணைக் கண்டுபிடிப்பு ஒன்று. கொங்கு நாட்டில் பிள்ளையையும் "வாங்க, தின்னுங்க" என்பார்கள். இந்த மரியாதையில் "கண்ணு" சேர்ந்திருந்தால் பாசம். கண்ணு விடுபட்டு மரியாதை மட்டும் நின்றால், பிராக்ரஸ் கார்டு வந்துவிட்டது என்று பொருள்.

முரண் சான்றுகள்

அறிவுரை கேட்டவர்களே முன்னுக்கு வருவார்கள் என்ற கருதுகோளுக்கு ஈரோட்டு மண்ணே பெரும் இடைஞ்சலாக இருக்கிறது.

"ஒரே பாடத்தக் கட்டிக்கிட்டு அழாத." 1887-இல் ஈரோட்டில் பிறந்த இராமானுஜன் கணக்கை மட்டுமே கட்டிக்கொண்டார். மற்ற பாடங்களில் தோற்று எஃப்.ஏ. படிப்பையே கோட்டைவிட்டார். பிறகு கேம்பிரிட்ஜ் கூப்பிட்டது.

"பெரியவங்களை எதுத்துப் பேசாத." 1879-இல் அதே ஈரோட்டில் பிறந்த பெரியார், வீட்டுக்கு வந்த பாகவதர்களைச் சின்ன வயதிலேயே கேள்வி கேட்டுத் திணறடித்தார். பள்ளிப்படிப்பு சில வருடங்களோடு நின்றது. எதிர்த்துப் பேசுவது கடைசி வரை நிற்கவில்லை.

"ஊர்வம்புக்குப் போகாத." 1904-இல் இதே சென்னிமலையில் நெசவாளர் வீட்டில் பிறந்த குமரன், 1932 ஜனவரி 10-ஆம் தேதி திருப்பூரில் கொடியோடு ஊர்வலம் போனார். போலீஸ் தடியடியில் விழுந்து மறுநாள் இறந்தார். வயது 27.

இந்த மூன்று பேரைப் பற்றியும் நம் பிள்ளைகள் பேச்சுப்போட்டியில் மனப்பாடமாகப் பேசி டிபன் பாக்ஸ் பரிசு வாங்கிவருகிறார்கள். வாங்கி வந்த அன்று சாயங்காலமே, ஒரே பாடத்தைப் பிடித்துக்கொண்டு நிற்காதே, எதிர்த்துப் பேசாதே, கும்பலோடு போகாதே என்று மூன்றும் சொல்லப்படுகின்றன. பிள்ளைகள் இதில் முரண் எதையும் காண்பதில்லை. மேடைக்கு ஒன்று, வீட்டுக்கு ஒன்று என்று விரைவிலேயே புரிந்துகொள்கிறார்கள். வீடு கற்பிக்கும் பாடங்களில் முழுத் தேர்ச்சி உறுதியானது இது ஒன்றுதான்.

முடிவும் பரிந்துரையும்

ஆய்வின் முடிவு இது: பிள்ளைகள் அறிவுரையைக் கேட்பதில்லை, அறிவுரை சொல்பவர்களைக் கவனிக்கிறார்கள். என்ன சொன்னோம் என்பது மறந்துபோகும். யாரை மனதில் வைத்துச் சொன்னோம், சொல்லும்போது நம் கையில் போன் இருந்ததா என்பதெல்லாம் அப்படியே பதிந்துவிடும்.

ஆகவே பெரியவர்களுக்கு ஒரே வேண்டுகோள். மருமகளிடம் சொல்ல வேண்டியதை மருமகளிடமே சொல்லுங்கள், மாமியாரிடம் கேட்க வேண்டியதை மாமியாரிடமே கேளுங்கள், தார்க்கூடை நிறைந்திருக்கும்போது செருப்பைத் தேடாதீர்கள். பிள்ளையை அதன் பாட்டுக்குச் சாப்பிட விடுங்கள். வெண்டைக்காயை மட்டும் நிறுத்த வேண்டாம். கணக்கு வராவிட்டாலும் அது நல்ல காய்தான்.