பதினாறும் பெற்று

கல்யாணத்தன்று பெரியவர்கள் அட்சதை போட்டு, ‘பதினாறும் பெற்றுப் பெருவாழ்வு வாழ்க’ என்று வாழ்த்தினார்கள். பலிக்க முப்பது வருஷம் ஆயிற்று. பெற்ற பதினாறும் துருப்பிடித்த வீல் நட்டுகள்.

அப்பா விட்டுப்போன ஆஸ்தி ஒரு ஸ்டாண்டர்ட் ஹெரால்டு. மூலம் இங்கிலாந்தின் டிரையம்ப் ஹெரால்டு. உருவம் கொடுத்தவர் மிக்கெலாட்டி என்ற இத்தாலிக்காரர். 1961 முதல் சென்னையில் தயாரான வண்டி. அதற்கு நான்கு கதவு வைத்தது மட்டும் நம்மவர்களின் சொந்தக் கைவரிசை. மாமியார் பின்சீட்டில் ஏற ஒவ்வொரு தடவையும் மருமகள் இறங்கி முன்சீட்டை மடக்க வேண்டும் என்றால் எந்தக் குடும்பம் தாங்கும்?

சக்கரத்துக்கு நான்கு நட்டு, ஆக மொத்தம் பதினாறு. திருட்டுக்குப் பயந்து அப்பா எப்போதோ வீல் கப்புகளைக் கழற்றிப் பரணில் போட்டுவிட்டதால், நட்டுகள் நாலு பேர் பார்க்க நின்றன. வீடு திருவான்மியூரில். காற்று வாங்க ஊரே எங்கள் தெரு வழியாகத்தான் கடற்கரைக்குப் போகும். அந்த உப்புக்காற்றை இருபத்துநாலு மணி நேரமும் இலவசமாக வாங்கிக்கொண்டிருந்தது என் கார். நட்டுகள் கருப்பட்டித் துண்டுகள் மாதிரி ஆகிவிட்டன.

ஒருநாள் பக்கத்து வீட்டுப் பையன், “அங்கிள், கார் பெயிண்ட் எல்லாம் நல்லாத்தான் இருக்கு. நட்டு மட்டும் ஏன் அழுகிப்போயிருக்கு?” என்றான். கேட்டுவிட்டு அவன் கிரிக்கெட் ஆடப் போய்விட்டான். எனக்குத்தான் தூக்கம் போயிற்று.

வண்டியை நான்கு ஸ்டாண்டில் ஏற்றி நட்டுகளைக் கழற்றினேன். துருவைக் கரைக்க அமிலம் வேண்டும். புளியில் இருப்பது டார்டாரிக் அமிலம். குத்துவிளக்குக்கு ஆவது நட்டுக்கு ஆகாதா? அரைக் கிலோ புளியைக் கரைத்து ஓர் இரவு ஊறப்போட்டேன். காலையில் பாத்திரத்தை எட்டிப் பார்த்த மனைவி, “என்னங்க இது, வத்தக்குழம்பா?” என்றாள்.

“வத்தல் இல்லை, நட்டு.”

“அப்போ நீங்களே சாப்பிடுங்க.”

கம்பி பிரஷ்ஷால் தேய்த்ததும் சாம்பல் நிறத்தில் இரும்பு முகம் காட்டியது. கழுவி ஜன்னலில் வைத்துவிட்டு, பெருமையோடு படுத்தேன். விடிந்து பார்த்தால், பழைய குருடி கதவைத் திறடி! பதினாறும் மறுபடி காவி கட்டியிருந்தன. அமிலத்தில் குளித்த இரும்பு குளிப்பாட்டிய கைக்குழந்தை மாதிரி, ஈரத்தோடு விடக்கூடாது. சோடா உப்புத் தண்ணீரில் அலசி, சூடு காட்டி உலர்த்தி, கையோடு மேற்பூச்சு கொடுத்துவிட வேண்டும். இது தெரியவர இன்னொரு அரைக் கிலோ புளி செலவாயிற்று.

மேற்பூச்சுக்கு சில்வர் ஸ்பிரே பெயிண்ட் வாங்கினேன். உள்ளே, வெளியே, மேலே, கீழே என்று பாரபட்சமில்லாமல் அடித்தேன். மரைக்குள் துருப்பிடிக்காமல் இருக்கத் தேங்காய் எண்ணெய் வேறு. பூட்டித் தர வந்த மேஸ்திரி ஒரு நட்டை எடுத்து, முதலில் மோந்து பார்த்தார். பிறகு அதன் கூம்பு முனையை நகத்தால் சுரண்டினார்.

“சார், இந்தக் கூம்புதான் வீல் ஓட்டையில போய் உக்காரும். இங்க பெயிண்ட் அடிச்சா, ஓட ஓடப் பெயிண்ட் நசுங்கி நட்டு லூஸாயிடும். அப்புறம் உங்க வீல் உங்களுக்கு முன்னாடி அடையாறு சிக்னலுக்குப் போய் நிக்கும்.”

“எண்ணெய்?”

“தலைக்குத் தேய்ங்க. மரைக்கு வேணாம்.”

காரணம் இருக்கிறது. எண்ணெய் விட்டால் மரையில் உராய்வு குறையும். வழக்கமான முறுக்குக் கொடுத்தாலே ஸ்டட் அளவுக்கு மீறி இழுபடும். ஹெரால்டின் ஸ்டட் 3/8 அங்குலம், சுண்டுவிரலை விட ஒல்லி. சுமார் 40 அடி-பவுண்டு முறுக்கு அதற்குப் போதும். ஸ்பேனர் மேல் ஏறி நின்று குதிக்கிற பஞ்சர் கடைப் பரதநாட்டியம் அதற்கு ஆகாது.

“ஜிங்க் பிளேட்டிங் போட்டுடுங்க சார்” என்றார் மேஸ்திரி. நல்ல யோசனைதான். துத்தநாகம் வீட்டுக்கு மூத்த பிள்ளை மாதிரி. லேசாகக் கீறல் விழுந்தாலும் இரும்புக்கு வரவேண்டிய அரிப்பைத் தன்மேல் வாங்கிக்கொள்ளும். குரோம் அப்படியல்ல. மேலுக்கு மினுக்கும், ஒரு கீறல் கிடைத்தால் அடியில் இரும்பைத் துருவுக்குத் தாரைவார்த்துவிடும்.

பெயிண்டையும் எண்ணெயையும் போக்கிவிட்டு, கிண்டிப் பக்கம் ஒரு பிளேட்டிங் பட்டறைக்குப் போனேன்.

“எவ்வளவு சார் இருக்கு?”

“பதினாறு.”

“பதினாறு கிலோவா? உட்காருங்க சார்.”

“பதினாறு நட்டு.”

கல்யாணச் சமையல்காரரிடம் ஒரு டம்ளர் ரசம் கேட்டவனைப் பார்ப்பதுபோல் பார்த்தார். இருந்தாலும் மனசு கேட்காமல், வேறு யாருடைய சரக்கோடோ சேர்த்துப் பீப்பாயில் போட்டு உருட்டிக் கொடுத்தார். பதினாறு கொடுத்தேன், பதினாறு வந்தது. லேசான நீல மினுமினுப்போடு ஒவ்வொன்றும் ஒரு மூக்குத்தி.

வீட்டில் பதினைந்து நட்டு விரலாலேயே ஓடி ஏறின. பதினாறாவது இரண்டு சுற்றோடு நின்றது. என் வண்டி அங்குலத்துக்கு 24 மரை ஓடும் பழைய பரம்பரை. இதுவோ 10 மில்லிமீட்டர் மெட்ரிக் ஜாதி. பழைய சினிமாவில் ஆஸ்பத்திரித் தொட்டிலில் நடக்கிற ஆள்மாறாட்டம், பிளேட்டிங் பீப்பாயில் நடந்திருக்கிறது.

ஒற்றை நட்டுக்காகப் புதுப்பேட்டையை வலம் வந்தேன்.

“ஸ்டாண்டர்ட் நட்டு இருக்கா?”

“நம்ம கடையில எல்லாமே ஸ்டாண்டர்டுதான் சார்.”

மூன்று கடையில் இதே பதில். நாலாவது கடைப் பெரியவர் ஒன்றும் பேசவில்லை. ஒரு டால்டா டின்னைக் கவிழ்த்தார். குவியலுக்குள் விரலை விட்டுத் துழாவி, மரையைத் தடவிப் பார்த்தே ஒன்றை எடுத்துக் கையில் வைத்தார். “இதைப் பத்திரமா வச்சிருந்தவனும் நட்டு கழண்டவன், தேடி வந்தவனும் நட்டு கழண்டவன்” என்று சிரித்தார்.

அது துருப்பிடித்திருந்தது. மறுபடி புளி. ஒற்றை நட்டோடு பிளேட்டிங் பட்டறைக்குப் போகத் தைரியம் வரவில்லை. கூம்பையும் மரையையும் டேப் போட்டு மூடி, வெளிப்பக்கம் மட்டும் பெயிண்ட் அடித்தேன். இந்தப் புத்தி முதலிலேயே வந்திருந்தால் கிண்டிக்கும் புதுப்பேட்டைக்கும் அலைந்தது மிச்சம்.

மேஸ்திரி வந்தார். முலாம் உரியாமல் இருக்க சாக்கெட்டுக்குள் துணியைத் திணித்து, ஒன்றுக்கொன்று எதிரெதிராக முடுக்கினார். நான் நான்கு சக்கரத்தையும் சுற்றி வந்து, குனிந்து, நிமிர்ந்து, போட்டோ எடுத்தேன். அதற்குள் மனைவி பரணிலிருந்து எதையோ இறக்கித் துடைத்து எடுத்து வந்தாள்.

“மேஸ்திரி, இதையும் மாட்டிடுங்க. அவருக்கு ஞாபகமே இருக்காது.”

டப், டப், டப், டப். நான்கே தட்டு. நான்கு வீல் கப்பும் உட்கார்ந்துகொண்டன. பதினாறு நட்டும் இருந்த இடம் தெரியவில்லை.

பந்தைப் பொறுக்க வந்த பக்கத்து வீட்டுப் பையன் நின்று பார்த்தான். “சூப்பர் அங்கிள்! வீல் கப் புதுசா?” என்றான்.

பழைய கார் வைத்திருக்கும் அன்பர்களுக்கு ஒரு வார்த்தை. நட்டின் கூம்பில் பெயிண்ட் அடிக்காதீர்கள். மரையில் எண்ணெய் விடாதீர்கள். மாட்டிய பிறகு நூறு கிலோமீட்டர் ஓட்டிவிட்டு ஒரு தடவை முடுக்கிப் பாருங்கள். புளியை மட்டும் கேட்டுவிட்டு எடுங்கள்.