இருபத்தேழால் வகுப்பவர்

இஞ்சின் சாரிடம் மணி கேட்கலாம், வழி கேட்கலாம், அவசரத்துக்குக் கைமாற்றுகூடக் கேட்கலாம். ‘எவ்வளவு பெரிசு?’ என்று மட்டும் எதைப் பற்றியும் கேட்டுவிடக் கூடாது. 27-ஆல் வகுத்துவிடுவார்.

ரிட்டயரான கையோடு லெகோ கல்லில் நீராவி இஞ்சின் கட்ட உட்கார்ந்தவர். வெளிநாட்டில் இருக்கும் மகன் பொட்டலம் பொட்டலமாகக் கல் அனுப்புகிறான். அப்பா பாட்டுக்கு ஒரு மூலையில் இருப்பார் என்ற நம்பிக்கையில். அவர் மூலையில்தான் இருக்கிறார். அவரிடம் மாட்டிக்கொள்பவர்கள்தான் நகர முடிவதில்லை.

27 எங்கிருந்து வந்தது? லெகோ தண்டவாளத்தில் இரண்டு கம்பிக்கும் நடுவே சுமார் 37.5 மில்லிமீட்டர். நிஜ மீட்டர் கேஜில் 1,000. வகுத்தால் 26.67, சில்லறையைத் தள்ளி 27. இதை அவர் சொல்லி முடிப்பதற்குள் உங்கள் காபியில் ஏடு படிந்திருக்கும்.

அதோடு விட்டாரா? எங்கள் திருவண்ணாமலையில் அண்ணாமலையார் கோயில் ராஜகோபுரம் 217 அடி. வகுத்தால் எட்டு அடி. “ஹால்ல வெச்சா ஃபேன் இடிக்கும் சார்.” மலை 2,668 அடி. வகுத்தால் 99 அடி, பத்து மாடிக் கட்டிடம். கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர் என்பது 519 மீட்டராகிவிடும். பௌர்ணமியன்று கால் வீங்கி வந்து திண்ணையில் சாய்ந்த ஒருவரிடம், “எங்க கணக்குல நீங்க இட்லி ஆறுறதுக்குள்ள சுத்தி வந்திருக்கலாம்” என்றார். அந்த மனிதர் பதில் சொல்லவில்லை. சொல்லத் தெம்பில்லை. கார்த்திகை தீபத்தன்று ஊரே மலையுச்சியைப் பார்த்து அரோகரா சொல்கிறது. இவர் என் தோளைத் தட்டி, “அந்தக் கொப்பரை நம்ம வீட்டு டம்ளர் அளவுக்குத்தான் வரும்” என்கிறார்.

நவராத்திரிக்கு யாரும் அவரைக் கொலுவுக்குக் கூப்பிடுவதில்லை. ஒரு வீட்டில் செட்டியார் பொம்மை கோபுரத்தைவிட உயரமாக உட்கார்ந்திருந்ததைக் கண்டு அரைமணி நேரம் வருந்தினார். சுண்டலைக் கையில் கொடுத்து அனுப்பிவைத்தார்கள்.

முதலில் அவர் கட்ட ஆசைப்பட்டது ஒய்.பி. இஞ்சின். விழுப்புரம்–காட்பாடி பாதை மீட்டர் கேஜாக இருந்த காலத்து மோகம். ஆனால் ஒய்.பி.யின் பெரிய சக்கரம் 54 அங்குலம். வகுத்தால் 5 சென்டிமீட்டர். லெகோ கம்பெனியின் பெரிய ரயில் சக்கரமே 3 சென்டிமீட்டர்தான். அந்தத் துக்கம் அவர் வீட்டில் சில மாதம் நடந்தது. பிறகு ஒருநாள், ஊட்டி மலை ரயில் இஞ்சினுக்குச் சக்கரம் சுமார் 80 சென்டிமீட்டர் என்று கண்டுபிடித்தார். வகுத்தால் 3! நேரே தெருவுக்கு ஓடிவந்தார். நான்தான் எதிரில் வந்தேன்.

இப்போது ஒரு முழத்துக்குள் அடங்கும் நீல நிற இஞ்சின் தயாராகிக்கொண்டிருக்கிறது. ஆனால் ஓட்டுநர் பிரச்சினை. லெகோ மனிதன் 4 சென்டிமீட்டர். 27-ஆல் பெருக்கினால் 108. திருவண்ணாமலையில் 108 நல்ல எண்தான். ஓட்டுநர் 108 சென்டிமீட்டர் இருந்தால் அவன் எல்.கே.ஜி. படிக்கிறான் என்று அர்த்தம். “அகலப் பாதை இஞ்சின் கட்டுங்க சார், அந்தக் கணக்குல ஆள் ஆறடி வருவான்” என்று பக்கத்து வீட்டுப் பையன் நல்லெண்ணத்தில் சொன்னான். “ஊட்டியில ஏதுடா ப்ராட்கேஜ்?” அதன் பிறகு அவனிடம் பேச்சில்லை. ஓட்டுநர் இல்லாமலே இஞ்சின் நிற்கிறது.

வீட்டம்மா பாடு தனி. “ஏங்க, பெருக்கணும்” என்றால், “குப்பையை முதல்ல என்கிட்ட காட்டு” என்பார்.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். வகுப்பதை மறந்து இஞ்சினைப் பற்றிப் பேசும்போது மனிதர் அழகாகிவிடுகிறார். சுவிட்சர்லாந்தின் விண்டர்தூரில் பிறந்த வகை அது. கல்லாறு தாண்டியதும் 12 அடிக்கு ஓர் அடி ஏற்றம். வெறும் சக்கரம் வழுக்கும். அதனால் தண்டவாளத்துக்கு நடுவே பல் பாதை. கீழ் சிலிண்டரில் ஒருமுறை உழைத்த நீராவியை வீணாக வெளியே விடாமல் மேல் சிலிண்டருக்கு அனுப்புகிறார்கள்; அதுதான் பல் சக்கரத்தைச் சுழற்றி வண்டியைக் குன்னூருக்கு ஏற்றுகிறது. இதைச் சொல்லிக்கொண்டே விரலால் மெல்லத் தள்ளுவார். மேலும் கீழும் தண்டுகள் தனித்தனியாக அசையும். சதுரக் கல்லைப் பக்கவாட்டில் திருப்பித் திருப்பிப் பொருத்தி உருட்டிய கொதிகலன் வேறு. வேலை முடிந்த ஆவிக்கும் இன்னொரு வேலை வைத்திருக்கும் இஞ்சினை ஒரு பென்ஷன்காரர் தேர்ந்தெடுத்ததில் நியாயம் இருக்கிறது.

ஆனால் போன விடுமுறையில் மகன் குடும்பத்தோடு வந்தான். பேத்திக்கு ஐந்து வயது. “பார்க்கலாம், தொடக் கூடாது” என்று இஞ்சினை அலமாரி மேல் ஏற்றிவிட்டார். அவள் அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கல்லெல்லாம் அவள் அப்பன் காசில் வந்தது.

சார், 1958-ல் வார்த்த லெகோ கல் இன்றைய கல்லோடும் பொருந்தும் என்று பெருமை பேசுவது நீங்கள்தான். அடுத்த முறையும் குழந்தைக்கு லீவு ஒரு மாதம்தான் இருக்கும். 27-ஆல் வகுத்தால் ஒரு நாள் வருகிறது. அந்த ஒரு நாளாவது இஞ்சினை அவள் கையில் கொடுங்கள். உடைந்தால் திரும்பக் கட்டலாம். அந்தக் கல்லைச் செய்ததே அதற்குத்தான்.