மொட்டைமாடிக் கொல்லர்

இவரைக் கண்டுபிடிக்க முகவரி தேவையில்லை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மயிலாப்பூர் மாட வீதிகளுக்குப் பின்னால் ஏதாவது ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் கீழே நின்று காதைத் தீட்டிக்கொண்டால் போதும். மேலேயிருந்து ‘டங், டங், டக்’ என்று வரும். டங் என்பது இரும்பின் மேல் விழுந்த அடி. டக் என்பது மாடித் தளத்தின் மேல் விழுந்தது. மூன்றாவதாக ‘ஐயோ’ என்று கேட்டால் அடி எங்கே விழுந்தது என்று நான் சொல்ல வேண்டாம்.

வயது ஐம்பத்தைந்துக்கு மேல். ஓய்வு பெற்றவர், அல்லது ஓய்வு கொடுக்கப்பட்டவர். கம்ப்யூட்டர் முன்னால் காலமெல்லாம் உட்கார்ந்து, கையால் தொட முடியாத எதையோ செய்து, அதற்குச் சம்பளமும் வாங்கி, மந்தைவெளியில் மூன்று பெட்ரூம் ஃபிளாட் வாங்கியவர். ஒரு நாள் ராத்திரி தூக்கம் வராமல் டிவியைத் திருப்பும்போது ‘ஃபோர்ஜ்ட் இன் ஃபயர்’ கண்ணில் பட்டுவிடுகிறது. 2015-இல் அமெரிக்காவில் ஆரம்பித்த கத்திப் போட்டி அது. பழுக்கக் காய்ச்சிய இரும்பை நாலு பேர் தட்டுவார்கள். நடுவர்கள் அந்தக் கத்தியால் எதையாவது வெட்டிப் பார்ப்பார்கள். உடனே இவருக்கு எஞ்சினியரிங் முதல் வருட ஒர்க்‌ஷாப் ஞாபகம் வரும். சதுரக் கம்பியைக் காய்ச்சி ‘எஸ்’ கொக்கி செய்ததும், நல்ல மார்க் வாங்கியதும் நினைவுக்கு வரும். சம்மட்டி பிடித்தது லேப் அட்டெண்டர் அண்ணன் என்பது மட்டும் வராது.

“இதுக்கு ஒண்ணும் சாமானே வேண்டாம் சார். ஒரு உலை, ஒரு சுத்தியல், வச்சு அடிக்க ஒரு மேடை. அவ்வளவுதான். ஆதி மனுஷன் எல்லாத்தையும் ஆன்லைன்லயா ஆர்டர் பண்ணினான்?”

இது இவருடைய மூல மந்திரம். இல்லாமையைக் கொண்டாடுவதற்கும் கொஞ்சம் வசதி வேண்டும் என்பது என் அபிப்பிராயம். சாமான் வேண்டாத இந்தத் தொழிலுக்காக இவர் புதுப்பேட்டை காயலான் கடைகளுக்குப் போய் வந்த ஆட்டோ செலவில் ஒரு அரிவாள்மணையும் இரண்டு கத்தியும் நல்லதாகவே வாங்கியிருக்கலாம். ஆனால் அங்கே போய் ஒரு பழைய வேனின் பிரேக் டிரம்மைத் தூக்கிக்கொண்டு வருகிறாரே, அப்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். பெண்ணுக்கு வரன் அமைந்த அன்றுகூட அவர் அப்படிப் பூரித்ததில்லை என்று அவர் வீட்டு மாமியே சொல்கிறாள்.

அந்த டிரம்தான் உலை. உள்ளே களிமண் பூசி, அடியில் ஒரு குழாய் சொருகியாயிற்று. துருத்திக்கு எங்கே போவது? பெண் கல்யாணமாகிப் போகும்போது விட்டுப் போன ஹேர் டிரையர் இருக்கிறது. ஹேர் டிரையரில் சூட்டுப் பொத்தானை அமுக்கக் கூடாதாம், வெறும் காற்றுதான் வேண்டும். சூட்டைக் கரி பார்த்துக்கொள்ளும், கரிக்கு மூச்சு கொடுப்பதுதான் நம் வேலை என்று விளக்குவார். இது சரிதான். நல்ல மரக்கரிக்குத் தொடர்ந்து காற்று கொடுத்தால் ஆயிரம் டிகிரியை அது சுலபமாகத் தாண்டும். பிரச்சினை கரியில்தான்.

சென்னையில் மரக்கரிக்கு இன்னமும் பாத்தியதை உள்ளவர் தெருமுனை இஸ்திரி வண்டிக்காரர். அவர்களிலும் பலர் கேஸ் இஸ்திரிப் பெட்டிக்கு மாறிவிட்டார்கள். மாறாதவரிடம் போய் இவர் நிற்கிறார். ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கத்துச் சீமைக்கருவேலங்கரி, மூட்டையாக வருவது. “ஒரு அஞ்சு கிலோ குடுப்பா.” இஸ்திரிக்காரர் முதலில் பார்பிக்யூ என்று நினைத்தார். மயிலாப்பூரில் அதைச் சத்தமாகக் கேட்க முடியாதே என்று தணிந்த குரலில், “சிக்கனா சார்?” என்றார். “இரும்புப்பா” என்றதும் அவருக்கு முகம் தொங்கிப்போய்விட்டது. சிக்கன் என்றால் ஒரு நாளோடு முடியும். இரும்பு என்றால் வாரா வாரம் வந்து நிற்பார்.

கரி கட்டுப்படியாகாமல் அடுத்து இவர் கை வைத்தது தேங்காய்ச் சிரட்டையில். சிரட்டைக் கரி நின்று எரியும், சூடும் அதிகம். அதனால் உலைக்காகவே வீட்டில் சமையல் மாறியது. திங்கள் தேங்காய்ச் சாதம், செவ்வாய் அவியல், புதன் துவையல், வியாழன் மோர்க்கூட்டு. மாமி கொலஸ்ட்ரால் ரிப்போர்ட்டை நீட்டினால், “இன்னும் ஒரு கொக்கிக்குத்தான் சிரட்டை குறையறது, பொறுத்துக்கோ” என்கிறார். சிரட்டையைக் கரியாக்கும் புகையை என்ன செய்வது? அதற்கு வருடத்தில் ஒரே ஒரு நாள் இருக்கிறது. போகியன்று காலை ஊரே புகை மூட்டத்தில் இருக்கும்போது இவர் மொட்டைமாடியில் மொத்த வருடத்துக்கும் கரி சுட்டுக்கொள்கிறார். யாரும் கேட்க முடியாது.

பட்டடைக்கு, அதாவது வைத்து அடிக்கும் மேடைக்கு, தண்டவாளத் துண்டுதான் உசத்தி என்று இவருக்கு நினைப்பு. உலகம் முழுக்கக் கைக்கொல்லர்கள் அதைத்தான் சொல்வார்கள். எங்கேயோ ஒரு காயலான் கடையில் பேசியும் வைத்துவிட்டார். இரண்டாவது மாடியில் ரயில்வேயில் ரிட்டயரான ஒருவர் இருப்பது தெரியாமல் அவரிடமே பெருமையடித்துக்கொண்டார். அவர் காபியைக் கீழே வைத்துவிட்டு, 1966-ஆம் வருடத்து ரயில்வே சொத்துச் சட்டத்தை நிதானமாக ஒப்பித்தார். களவு போன ரயில்வே பொருளைக் கையில் வைத்திருந்தாலே ஐந்து வருடம் வரை உள்ளே போகலாம். அன்றைக்கே தண்டவாள ஆசை தீர்ந்தது. தி. நகரில் ஒரு பழைய பங்களாவை இடித்தபோது கிடைத்த கர்டர் துண்டுதான் இப்போது பட்டடை. அதை மாடிக்கு ஏற்றிய கூலியை மாமியிடம் இன்னும் சொல்லவில்லை.

கொல்லுப் பட்டறை ஏன் எப்போதும் இருட்டாக இருக்கிறது தெரியுமா? பல்பு வாங்கக் காசில்லாமல் அல்ல. இரும்பின் சூட்டை நிறத்தை வைத்துத்தான் சொல்ல வேண்டும். மங்கல் சிவப்பு, செர்ரிச் சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள் என்று ஏறிக்கொண்டே போகும். நிழலில்தான் அது கண்ணுக்குப் பிடிபடும். இவர் சித்திரை மாதத்து மதியம் ஒரு மணிக்கு, வெள்ளையடித்த மொட்டைமாடியில் ஆரம்பித்தார். அந்த வெயிலில் செக்கச் சிவந்த இரும்பும் கறுப்பாகத்தான் தெரியும். கறுப்பாக இருக்கிறதே என்று கையில் எடுத்தார். அடுத்த பதினைந்து நாள் இடது கையால் கையெழுத்து.

அதன் பிறகுதான் காந்த சோதனை. இரும்பு சுமார் 770 டிகிரியைத் தாண்டினால் காந்தம் அதில் ஒட்டாது. அதற்குச் சற்று மேலே போனதும் தோய்ச்சல், அதாவது சட்டென்று முக்கிக் குளிர வைப்பது, போட வேண்டும். தனியாகக் காந்தம் வாங்கினால் மூல மந்திரத்துக்குப் பங்கம் வந்துவிடும் அல்லவா? ஃபிரிட்ஜின் மேல் ஒட்டியிருந்த திருப்பதி பெருமாள் காந்தத்தைப் பெயர்த்து, ஒரு கம்பி முனையில் கட்டிக்கொண்டு போனார். “பெருமாள் ஒட்டலேன்னா சூடு சரியா இருக்குன்னு அர்த்தம்” என்று வந்தவர் போனவருக்கெல்லாம் விளக்கினார். மாமி அன்று இரவு அவரோடு பேசவில்லை.

குடியிருப்போர் சங்கம் இதையெல்லாம் பார்த்துக்கொண்டு சும்மா இருக்குமா? மாடியில் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கொட்டி, மேலே ஓடு பதித்த தளம் இருக்கிறது. சம்மட்டி விழ விழ ஓட்டின் இணைப்பு விட்டு, ஐப்பசியில் மூன்றாம் மாடி ஹாலில் தண்ணீர் சொட்டியது. அதைவிடப் பெரிய குற்றம் ஒன்று உண்டு. எதிர் ஃபிளாட் மாமி ஜவ்வரிசி வடாம் காயப்போட்ட துணியின் மேல் கரித்தூள் பறந்து விழுந்துவிட்டது. பொதுக்குழுவில் தண்ணீர் ஒழுகலுக்கு ஐந்து நிமிடம், வடாத்துக்கு முக்கால் மணி நேரம். கடைசியில் தீர்மானம் போட்டார்கள்: மாசியிலிருந்து சித்திரை வரை, வடாம் காயும் நேரத்தில், உலை மூட்டக் கூடாது. எந்த நாட்டுத் தொழிற்சாலைச் சட்டத்திலும் இப்படி ஒரு பிரிவு இருக்காது.

நடுவில் ஒரு காய்ச்சல். ஒரு பழைய ஜிஐ பைப்பைக் காய்ச்சினால் என்ன என்று பார்த்திருக்கிறார். அதன் மேல் பூசியிருப்பது துத்தநாகம். சூட்டில் அது வெள்ளைப் புகையாகக் கிளம்பி நெஞ்சுக்குள் போனால் சில மணி நேரத்தில் குளிரும் காய்ச்சலும் உடம்புவலியும் வரும். ஆசாரிகளுக்கும் வெல்டிங்காரர்களுக்கும் தெரிந்த சமாசாரம்தான். இவரோ டெங்குப் பரிசோதனை எடுத்து, நிலவேம்புக் கஷாயம் குடித்து, மறுநாள் சரியானதும் நிலவேம்பின் மகிமையை எல்லோருக்கும் வாட்ஸப்பில் அனுப்பினார்.

இப்போது கத்திக்கு வருவோம். முதல் கத்தி, பக்கத்துத் தெருவில் கட்டடம் கட்டும் இடத்தில் கேட்டு வாங்கிய டிஎம்டி கம்பித் துண்டில் செய்தது. இரண்டு மாதம் அடித்தார். தட்டையாயிற்று, முனை வந்தது, தேக்கில் பிடி போட்டாயிற்று. கத்தரிக்காயை வெட்டச் சொல்லி மாமியிடம் நீட்டினார். கத்தரிக்காய் நசுங்கியது. கூர் போதவில்லை என்று தெருவில் சைக்கிளில் வந்த சாணைக்காரரை நிறுத்தினார்.

சாணைக்காரர் பெடலை மிதித்துக் கத்தியைக் கல்லில் வைத்தார். ஒரே ஒரு தீற்று. பொறி நீளநீளமாக, கிளை விடாமல் போய் அணைந்தது. அவர் மிதிப்பதை நிறுத்திவிட்டார்.

“இது வீடு கட்டுற கம்பி சார். கத்தி இல்ல.”

“எப்படிப்பா சொல்ற?”

“பொறி பூக்கலையே சார். நல்ல இரும்புன்னா மத்தாப்பு மாரி வெடிச்சுப் பூக்கும்.”

அவர் சொன்னதில் தப்பில்லை. கார்பன் அதிகமான எஃகுதான் சாணையில் பொறி பிரிந்து வெடிக்கும். கட்டுமானக் கம்பியில் கார்பன் 0.3 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது தர விதி; தாண்டினால் வளைக்கும்போது ஒடியும், வெல்டிங்கும் பிடிக்காது. வளைந்துகொடுப்பதற்காகவே செய்த கம்பியிடம் போய் விறைப்பாக நில் என்றால் அது எங்கே நிற்கும்? சாணைக்காரர் காசு வாங்கவில்லை. இவரை அதிகம் காயப்படுத்தியது அதுதான் என்று நினைக்கிறேன்.

மறுபடியும் புதுப்பேட்டை. இந்தத் தடவை லாரியின் ஸ்பிரிங் பட்டை. அதில் கார்பன் ஏறக்குறைய இரண்டு மடங்கு. நம் ஊர்ப் பட்டறைகளில் எத்தனையோ அரிவாள் அந்தப் பட்டையில் பிறந்ததுதான். அதைத் தண்ணீரில் தோய்த்தால் விரிசல் விடக்கூடும், எண்ணெயில்தான் தோய்க்க வேண்டும். எந்த எண்ணெய்? செக்கு நல்லெண்ணெய் என்று இவர் சொன்னதும் மாமி டப்பாவை எடுத்துப் பூஜை அறையில் பூட்டிவிட்டாள். அப்பளம் பொரித்து மிஞ்சிய எண்ணெய்தான் கிடைத்தது. ஆரஞ்சு நிறத்தில் இரும்பு உள்ளே இறங்கியதும் குப்பென்று கிளம்பிய வாசனையில் கீழ் வீட்டுக் குழந்தைகள் தட்டோடு மேலே வந்துவிட்டன. யார் வீட்டில் பஜ்ஜி என்று கேட்டன. தோய்த்த இரும்பு கண்ணாடியாக ஒடியும்; அதைக் கொஞ்சம் இளக்க 200 டிகிரியில் இரண்டு மணி நேரம் வைத்திருக்க வேண்டும். முட்டை கலக்காத கேக் மட்டுமே கண்ட மாமியின் ஓவனுக்குள் அன்று லாரி ஸ்பிரிங் வெந்தது.

கத்தி வெட்டுகிறது. அதை மறைக்க எனக்கு மனமில்லை. கோணல்தான், கனம்தான், வலது கைக்காரர் பிடித்தால் இடது பக்கம் போகிறது. ஆனால் பூசணிக்காயை ஒரே போடில் பிளக்கிறது. அன்றிலிருந்து காய் நறுக்கும் வேலையும் அவருக்கே வந்து சேர்ந்தது. வேறு யாருக்கும் அந்தக் கத்தி பிடிபடவில்லை என்று மாமி சொல்கிறாள். சொல்லும்போது அவள் முகத்தில் தெரிகிற நிம்மதியை அவர் கவனிக்கவில்லை.

தி. நகரில் இருக்கும் மொட்டைமாடிக் கொல்லர் ரகம் வேறு. அவர் வாங்குவதோடு சரி. ஜெர்மன் சுத்தியல், ஜப்பான் அரம், தோல் ஏப்ரன் எல்லாம் உறை பிரிக்காமல் பரணில் இருக்கும். அடையாறு, பெசன்ட் நகர்ப் பக்கத்தவருக்கு இது தியானம். சுத்தியலை ஓங்குவதற்கு முன் கண்ணை மூடி மூச்சை உள்ளே இழுப்பார். அதற்குள் இரும்பு ஆறிவிடும். செய்த கத்தியும் கடல் காற்றில் நாலே நாளில் துருப்பிடித்துவிடும். அதைப் ‘பாட்டினா’ என்பார்.

மயிலாப்பூர்க்காரருக்குச் சரித்திரம்தான் உயிர். கொக்கியைக் கையில் கொடுத்துவிட்டு உங்களை விடமாட்டார். சிவகளை அகழாய்வில் கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 3345 வரை போகிறது என்று 2025 ஜனவரியில் அரசு அறிக்கை வெளியிட்டதே, அன்றைக்கு அவருக்கு அப்படி ஒரு மிடுக்கு. ஏதோ அந்த உலைக்கு இவர்தான் கரி போட்டமாதிரி. கொடுமணல் அகழாய்வில் கிடைத்த உலையைச் சொல்வார். கொல்லர் மகனான மைக்கேல் ஃபாரடே நம் உருக்கை ஆராய்ந்து 1819-இல் கட்டுரை எழுதியதைச் சொல்வார். 1830-இல் பரங்கிப்பேட்டையில் ஆரம்பித்த ஹீத் துரையின் இரும்பாலை கரிக்கு அலைந்த கதைக்கு வரும்போது அவர் தொண்டை கம்மும். “எனக்கும் அதே கஷ்டம்தான்” என்பார். எங்கள் பிளாக்கில் எல்லார் வீட்டிலும் ஒரு ‘எஸ்’ கொக்கி தொங்குகிறது. வாங்கிக்கொண்டதற்கு ஒரு மணி நேரம் கேட்டிருக்கிறோம் என்பதால் அதைத் தூக்கிப் போட யாருக்கும் மனம் வரவில்லை.

இப்போது அவர் கண் உருக்கின் மேல் போயிருக்கிறது. மூடிய மண் குகைக்குள், அதாவது உருக்கும் குப்பிக்குள், இரும்போடு காய்ந்த ஆவாரங்குச்சியைப் போட்டு, மேலே எருக்கிலை வைத்து, வாயை அடைத்து உருக்குவது அந்தக் காலத்து முறை என்று ஹீத்தே எழுதி வைத்திருக்கிறார். எருக்குக்குக் கவலையில்லை, காலி மனைகளில் தானாக முளைத்துக் கிடக்கிறது. ஆவாரைக்காகக் கச்சேரி ரோடில் ஒரு நாட்டு மருந்துக் கடைக்குப் போயிருக்கிறார்.

“ஆவாரை வேணும். பூ இல்ல, குச்சி.”

“சர்க்கரைக்கா சார், குளியலுக்கா?”

“இரும்புக்கு.”

கடைக்காரர் இவரை மேலும் கீழும் பார்த்திருக்கிறார். கண் இமையைக்கூட இழுத்துப் பார்த்திருப்பார், நடுவில் கவுண்டர் இருந்தது.

“இரும்புச்சத்துக்கு இதெல்லாம் கேக்காது சார். முருங்கைக்கீரைப் பொடி தரேன், காலைல மோர்ல கலந்து சாப்பிடுங்க.”

இரண்டையும் வாங்கிக்கொண்டு வந்துவிட்டார்.